வொஸ்ஸில் உறைமோர்

முதல் நாள்: ஆஸ்லோவிலிருந்து வொஸ்

ஆஸ்லோவில் காலை ரயிலைப் பிடித்தோம். பெர்கன் வரை போகிற பாதை, 1909-இல் திறந்தது. முதல் இரண்டு மணி நேரம் ஆறு, வயல், சிவப்பு மரவீடு என்று போகிறது. பிறகு வண்டி மலையேறத் தொடங்குகிறது. மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்து ஃபின்சே நிலையத்தில் ஒன்றுகூட இல்லை. 1222 மீட்டர் உயரம், நார்வே ரயில் பாதையிலேயே உயரமான நிலையம் அதுதான். அக்டோபர் முதல் வாரத்திலேயே நடைமேடை ஓரம் புதுப்பனி கிடந்தது. தெற்கே ஹார்டாங்கர்யோகுலன் பனியாறு வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரி விரிந்திருந்தது. என் மனைவி இறங்கி ஒரு பிடி பனியை அள்ளிக்கொண்டு ஓடிவந்து ஏறினாள். அது உருகி முடிவதற்குள் வண்டி மறுபக்கம் இறங்கத் தொடங்கிவிட்டது. மறுபடி மரங்கள், எல்லாம் மஞ்சள் இலையோடு நிற்கிற பிர்ச்.

வொஸ் நிலையத்தில் நண்பரும் அவர் மனைவியும் குடையோடு நின்றார்கள். இவர்கள் சென்னையில் இரண்டு வருடம் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர்கள். நண்பர் கப்பல் பொறியாளர். அவர் மனைவியை என் மனைவி அன்றைக்கே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். குடிவந்த முதல் வாரமே அக்கா கையில் ஒரு கிண்ணத்தோடு மாடியிலிருந்து இறங்கி வந்து, என் அம்மாவிடம் கொஞ்சம் உறைமோர் கிடைக்குமா என்று கேட்டார். பாலைக் காய்ச்சி, விரலை விட்டுப் பார்த்து, கை பொறுக்கிற சூட்டில் உறை ஊற்ற அம்மாதான் கற்றுக்கொடுத்தார். அந்தக் கிண்ணம் இரண்டு வருடமும் மாடிக்கும் கீழுக்கும் போய்வந்துகொண்டிருந்தது. அம்மா இப்போது இல்லை. ரயிலடியில் அக்கா முதலில் கேட்டது அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றித்தான்.

வீடு ஊருக்கு வெளியே, ஏரியைப் பார்த்த சரிவில். நண்பரின் தாத்தா காலத்துப் பண்ணை. செம்மறிகள் இருக்கின்றன. வீட்டிலிருந்து இருபதடி தள்ளித் தனியாக ஒரு சிறிய மரக்கட்டடம். எல்ட்ஹூஸ் என்கிறார்கள், அடுப்புவீடு என்று பொருள். ரொட்டி சுடுவது, இறைச்சி புகையிடுவது, ஏல் என்கிற பீரைக் காய்ச்சுவது எல்லாம் அங்கேதான். நெருப்புக்குப் பயந்து பெரிய வீட்டோடு ஒட்டாமல் கட்டுவார்களாம்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் நண்பர் ஒரு மரக்கிண்ணத்தைக் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் குதிரைத்தலை செதுக்கிய கைப்பிடி, உள்ளே சிவப்பும் நீலமுமாகப் பூவேலை. வைக்கோல் அறுப்புக்குக் காய்ச்சியதில் கடைசிக் கலயம் என்று ஊற்றினார். செம்பு நிறம். நுரை அவ்வளவாக இல்லை. கிண்ணம் கைமாறி வந்தது. "ஸ்கோல்" என்று சொல்லி, எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துக் குடிக்க வேண்டும். முதல் வாயில் இனிப்பு. அடுத்ததாக ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறினால் வருமே, அந்த வாசனை. கடைசியில் மூக்கின் பின்பக்கம் ஒரு பச்சை மர மணம் தங்கிவிடுகிறது. நான் குடித்த எந்த பாட்டில் பீரும் இதன் பக்கத்தில்கூட வராது. இதையா வீட்டில் காய்ச்சுகிறீர்கள் என்று கேட்டேன். நாளை மறுநாள் நீங்களும் சேர்ந்துதான் காய்ச்சப்போகிறீர்கள் என்றார்.

இரண்டாம் நாள்: ஜூனிப்பர் வெட்டியது, ஒரு கெட்ட சேதி

விடிந்ததிலிருந்து மழை. காலையில் ஊருக்குள் போய் கல்தேவாலயத்தைப் பார்த்தோம். 1277-இல் கட்டியது, சுவர் ஆள் படுக்கிற அகலம். 1940 ஏப்ரலில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு ஊரின் மரவீடுகள் எரிந்தபோதும் இது மட்டும் நின்றிருக்கிறது. அதனால்தான் சுற்றிலும் கட்டடங்கள் புதிதாகவும் நடுவில் இது பழையதாகவும் இருக்கிறது.

மதியம் மழை சற்று விட்டதும் மலைச்சரிவில் ஜூனிப்பர் வெட்டப் போனோம். இடுப்பளவு புதர், ஊசி இலை, கையில் குத்துகிறது. காயைச் சேர்க்கத்தான் வெட்டுகிறோம் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை, இங்கே கிளைதான் முக்கியம். கிளையை வெந்நீரில் ஊறவைத்த தண்ணீரில்தான் பாத்திரம் கழுவுவதும் ஏல் காய்ச்சுவதும். கலயத்தின் அடியில் வடிகட்டியாகப் போடுவதும் அதே கிளையைத்தான். நண்பர் ஒவ்வொரு கிளையையும் ஒடித்து மோந்து பார்த்துத்தான் மூட்டையில் போட்டார். பழுப்பேறியது ஆகாது. வயதான அடிமரமும் ஆகாது, கசக்குமாம்.

சாயங்காலம் க்வைக்கை எழுப்ப உட்கார்ந்தோம். இந்தச் சொல்லை இனி அடிக்கடி எழுத வேண்டியிருப்பதால் விளக்கிவிடுகிறேன். க்வைக் என்றால் இந்தப் பக்கத்துப் பண்ணைவீடுகள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருகிற ஈஸ்ட். தீ மூட்டுவது, உயிர் கொடுப்பது என்கிற பொருளோடு சேர்ந்த சொல். ஒருமுறை காய்ச்சி முடித்ததும் அடியில் படிகிற வண்டலையோ மேலே திரள்கிற நுரையையோ எடுத்து வைத்து, அடுத்த முறைக்கு அதையே விடுகிறார்கள். அடி வண்டலா மேல் நுரையா என்பதில் பண்ணைக்குப் பண்ணை வழக்கம் வேறு. முன்பெல்லாம் துளை போட்ட மரக்கட்டையை நுரையில் தோய்த்து உத்தரத்தில் தொங்கவிடுவார்களாம். வைக்கோல் வளையமும் உண்டு. இப்போது பேக்கிங் தாளில் பரப்பிக் காயவைத்துப் பொட்டலம் கட்டுகிறார்கள், அல்லது கண்ணாடிக் குடுவையில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைக்கிறார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "இது நம்ம உறைமோர்தானே அக்கா!" என்றாள். அக்கா சிரித்துவிட்டார். சென்னையில் எங்கள் அம்மாவிடம் கிண்ணம் நீட்டிய அன்று தனக்கும் முதலில் தோன்றியது இதுதான் என்றார். வாங்க வெட்கமாகவே இல்லையாம், ஊரில் மாமியார் வீட்டில் க்வைக் கேட்கிற மாதிரியேதான் இருந்ததாம்.

நண்பர் குடுவையைத் திறந்தார். அவர் முகம் மாறிவிட்டது. என்னிடம் நீட்டினார். நேற்று கிண்ணத்தில் வந்த ஆரஞ்சு வாசனை இதில் இல்லை. காடி நெடி மூக்கில் ஏறியது. மேலே ஒரு மெல்லிய ஆடை வேறு படர்ந்திருந்தது. கெட்டுப்போய்விட்டது. காயவைத்த பொட்டலம் போன கோடையிலேயே தீர்ந்துவிட்டது. நாற்பது வருடமாக இந்த வீட்டில் இருந்தது, என் கையில் வந்து போய்விட்டது என்று அவர் சொன்னபோது குரல் உடைந்திருந்தது. ஈஸ்டுக்காக ஒருவர் இப்படிக் கலங்குவாரா என்று யாரும் நினைக்க வேண்டாம். அம்மா போன பிறகு, ஒருநாள் கவனக்குறைவால் எங்கள் வீட்டு உறைமோர் திரிந்துபோனபோது நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

கடையில் ஈஸ்ட் கிடைக்காதா என்று கேட்டேன். கிடைக்கும். வொஸ் க்வைக் என்று பெயர் போட்டே காய்ந்த பொட்டலத்தில் இன்று உலகமெங்கும் விற்கிறார்கள். நண்பர் தலையாட்டவில்லை. மேல்பண்ணையில் ஒரு பெரியவர் இருக்கிறார், நாளை விடிந்ததும் அவரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றார்.

மூன்றாம் நாள்: காய்ச்சிய நாள்

ஏழு மணிக்கு இன்னும் இருட்டுதான். நண்பரும் நானும் டார்ச்சோடு மேல்பண்ணைக்கு ஏறினோம். இருபது நிமிட ஏற்றம். பெரியவருக்கு எண்பது தாண்டியிருக்கும். கதவைத் திறந்தவரிடம் நண்பர் சொன்னது ஒரே வாக்கியம்தான். அவர் எதுவும் கேட்காமல் உள்ளே போய், உறைபெட்டியிலிருந்து ஒரு பழைய ஜாம் குப்பியோடு வந்தார். உள்ளே வெல்லத்தூள் நிறத்தில் காய்ந்த செதில்கள். மூடியைத் திருகி முதலில் என் மூக்குக்கு நேரே பிடித்தார். ஆரஞ்சு! முந்தாநாள் இரவு மரக்கிண்ணத்தில் இருந்த அதே ஆரஞ்சு.

இறங்கி வரும்போதுதான் நண்பர் சொன்னார். பெரியவருடையது ஒருமுறை கெட்டபோது நண்பரின் தாத்தாதான் கொடுத்தாராம். அன்று மேலே போனதுதான் இன்று கீழே வருகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் க்வைக் கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொல்வதில்லை. நம் வீடுகளில் விளக்கு வைத்த பிறகு உறைமோர் கொடுக்க மாட்டோம் என்று நான் சொன்னேன். அவர் நின்று யோசித்துவிட்டு, அப்படியானால் உங்கள் ஊரில் பகலிலேயே ஏல் காய்ச்சத் தொடங்கிவிட வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு கரண்டி செதிலை வெதுவெதுப்பான மால்ட் சாற்றில் போட்டு, துணி மூடி, அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினோம்.

பெரிய செம்புக் கொப்பரையில் 130 லிட்டர் ஓடைத் தண்ணீர், அதில் ஜூனிப்பர் கிளைகள். பிர்ச் விறகு. தண்ணீர் சூடேறியதும் அடுப்புவீடு முழுக்கக் காட்டு வாசனை. தண்ணீர் இளம்பச்சையாகி, பிறகு தேநீர் மாதிரி மஞ்சளானது. அந்த நீரைப் பொடித்த மால்ட் மேல் ஊற்றிப் பெரிய மரத்துடுப்பால் கிளறினோம். மால்ட் என்பது வேறொன்றுமில்லை, முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை. குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைக்கிறோமே, அதே வேலை. 30 கிலோ. இங்கே கடையில்தான் வாங்குகிறார்கள். வடக்கே ஸ்டியோர்டால் பக்கத்தில் இன்னமும் விவசாயிகளே முளைகட்டி உலர்த்துகிறார்களாம். கிளறி முடித்ததும் 67 டிகிரி. ஒன்றரை மணி நேரம் அப்படியே மூடி வைக்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. சூடு கூடினால் இனிப்பு நிறைய நின்றுபோகும், குறைந்தால் ஏல் மெலிந்து வறண்டுவிடும்.

மூடியைத் திறந்ததும் என் மனைவி, "ஹார்லிக்ஸ்!" என்று கத்தினாள். ஹார்லிக்ஸும் மால்ட் செய்த வாற்கோதுமையில் ஆனதுதானே. பரீட்சை நாட்களின் இரவு மொத்தமும் அந்த ஆவியில் இருந்தது.

கலயத்தின் அடியில் குச்சிகளைக் குறுக்கே வைத்து, அதன்மேல் ஜூனிப்பர் பரப்பியிருந்தார்கள். கீழே ஒரு மரத்தக்கை. அதைக் கொஞ்சமே தளர்த்தினால் சாறு நூல் மாதிரி இறங்கும். அவசரப்பட்டு முழுக்கத் திறந்தால் தானியம் இறுகி அடைத்துக்கொள்ளும். முதலில் வந்தது கலங்கல். அதை மறுபடி மேலேயே ஊற்றினோம். பத்து நிமிடத்தில் தேன் மாதிரித் தெளிந்தது. மேலே சூடான ஜூனிப்பர் நீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, மிச்ச இனிப்பையும் கழுவி இறக்க இரண்டு மணி நேரம். வடித்த சக்கை செம்மறிகளுக்குப் போனது. அவை வாளிச் சத்தம் கேட்டே வேலிக்கு வந்து நின்றன.

அதற்கப்புறம் கொதி. வேறிடங்களில் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். வொஸ்ஸில் நாலு மணி நேரம் காய்ச்சுகிறார்கள். 110 லிட்டர் 75 ஆகும்வரை. கசப்புக்கும் காப்புக்கும் ஒரு சிறு துணிப்பையில் ஹாப்ஸ் பூவைக் கட்டி உள்ளே தொங்கவிட்டார் அக்கா. விறகு தள்ளும் வேலை எனக்கு. என் அம்மாவின் ஊர் உடன்குடிப் பக்கம். சிறுவயதில் விடுமுறைக்குப் போனால் விடியற்காலையில் பதநீர் காய்ச்சுகிற கொட்டிலில்தான் உட்கார்ந்திருப்பேன். பொங்கி வழியாமலிருக்க ஆச்சி ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவாள். தண்ணீராக இருந்தது மஞ்சளாகி, சிவந்து, கருத்து, பாகு பதம் வரும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. அந்தக் கொட்டிலில் இருந்த அதே சூடு என் கன்னத்தில் பட்டது. சாறு வைக்கோல் நிறத்திலிருந்து மெல்ல மெல்லச் செம்பு நிறத்துக்கு வந்ததைப் பார்த்தபோது, முதல்நாள் கிண்ணத்தில் பார்த்த நிறம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. சாயம் இல்லை, கருக்கிய மால்ட் இல்லை. நாலு மணி நேர நெருப்பு, அவ்வளவுதான்.

இறக்கி, ஓடைத் தண்ணீர் ஓடுகிற செப்புச்சுருளை உள்ளே விட்டு ஆற்றினார்கள். 39 டிகிரியில் நண்பர் போதும் என்றார். எனக்குச் சந்தேகம். இங்கிலாந்து ஏல் ஈஸ்டை 20 டிகிரி வாக்கில் விடுவார்கள், லாகர் என்கிற வேறு வகை பீரின் ஈஸ்டை 10 டிகிரி வாக்கில். 39 டிகிரி என்றால் மே மாத மதுரை. மற்ற ஈஸ்டாக இருந்தால் நாராசமான சரக்கு ஆகிவிடும். க்வைக்குக்கு அதுதான் சுகம். வெப்பமானி வருவதற்கு முன்னால் இவர்கள் சூட்டை எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? பால் சூடு என்று. மாட்டின் மடியிலிருந்து அப்போதே கறந்த பாலின் சூடு. அக்கா கையைக் கழுவிக்கொண்டு சுண்டுவிரலை உள்ளே விட்டார். "உங்கள் அம்மா சொன்ன சூடு" என்றார்.

காலையில் வைத்த குடுவை துணியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நின்றது. அதை ஊற்றும்போது சத்தம் போட வேண்டும் என்பது நார்வேயின் பழைய வழக்கம். கலயத்துக்குள் தலையை விட்டுக் கத்துவார்களாம், கெட்டது ஓடிப்போகும், ஏல் வலுவாக வரும் என்று. இதற்கு யேர்கௌக் என்று பெயர், ஈஸ்டுக்குப் போடும் கூவல். நண்பர் ஊற்றினார், அக்கா ஒரு கூவல் போட்டார். என் மனைவி யாரும் சொல்லாமலேயே நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். பொங்கல் பானை பொங்குகையில் போடுகிற அதே குலவை. அடுப்புவீட்டின் மரச்சுவர் அதிர்ந்தது. அவர்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பிறகு அக்கா, இன்னொரு தடவை என்றார்.

மணி இரவு எட்டு. கலயத்தைப் போர்வையால் சுற்றிவிட்டு வந்து படுக்கிறேன். உடம்பெல்லாம் புகை வாசனை.

நான்காம் நாள்: ஆட்டுத்தலை

விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். போர்வையை விலக்கினால் பழுப்பு நுரை மலைபோல் நின்றது. காதை வைத்தால் உள்ளே மழை பெய்கிற மாதிரிச் சத்தம். இன்னமும் 39 டிகிரி. தானாகவே சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. 2018-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பல பண்ணைகளின் க்வைக்கை எடுத்துப் பார்த்து, இது மற்ற பீர் ஈஸ்ட்களிலிருந்து மரபளவில் பிரிந்த தனிக்குடும்பம் என்று எழுதினார்கள். ஆய்வுக்கூடம் இல்லாத விவசாயிகள், நல்லதை வைத்துக் கெட்டதைக் கொட்டி, நூற்றாண்டுக்கணக்கில் வளர்த்தெடுத்த உயிர் இது. பெரும் படிப்பாளிகளின் வேலைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

மதியச் சாப்பாடு ஸ்மாலஹோவே. வொஸ்ஸின் பேர்போன உணவு, செம்மறித்தலை. வெளியூர்க்காரர்கள் தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். அக்கா எங்களைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கா? தலையை நெருப்பில் வாட்டி மயிரைப் பொசுக்கிச் சுரண்டி, உப்பில் ஊறவைத்து, உலர்த்தி, மூன்று மணி நேரம் ஆவியில் வேகவைத்திருந்தார்கள். ஆளுக்குப் பாதித்தலை, உருளைக்கிழங்கு, மசித்த கிழங்குக்கோசு. காதையும் கண்ணையும் முதலில் சாப்பிட வேண்டும், ஆறினால் கொழுப்பு உறைந்துவிடும். கன்னக்கறி வாயில் கரைந்தது. மிளகு இல்லாதது ஒன்றுதான் குறை. கூடவே பழைய ஏல் ஒரு சிறு கோப்பை. உப்புக்கும் கொழுப்புக்கும் அந்த இனிப்பு எப்படிப் பொருந்துகிறது! நானும் மனைவியும் எலும்பை வெள்ளையாக்கிவிட்டுத்தான் எழுந்தோம்.

ஐந்தாம் நாள்: ஓப்ஸ்கோக்கே

மதியம் கலயத்தைத் திறந்து அடர்த்திமானியை விட்டோம். 1.080-இல் தொடங்கியது 1.018-க்கு வந்திருந்தது. 8 சதவீதம் ஆல்கஹால் வலு. நாற்பது மணி நேரத்தில்!

இப்படி முதல் நொதிப்பு முடிந்து, ஏலைக் கலயத்திலிருந்து பீப்பாய்க்கு மாற்றுகிற அன்று அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட வேண்டும். அந்த விருந்துக்குத்தான் ஓப்ஸ்கோக்கே என்று பெயர். அழைப்பு அனுப்புவதில்லை, எந்த வீட்டுப் புகைபோக்கியில் நாள்பூரா புகை வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். மேல்பண்ணைப் பெரியவரும் தடியூன்றி இறங்கி வந்தார். அடுப்புவீட்டிலேயே பலகை போட்டு உட்கார்ந்தோம். முதல் கிண்ணம் அவருக்கு.

இளசான ஏல். இன்னும் வெதுவெதுப்பு, கொஞ்சம் கலங்கல், இனிப்புத் தூக்கல். ஆரஞ்சு மட்டும் பளிச்சென்று வந்துவிட்டது. பெரியவர் வாயிலேயே வைத்திருந்து, விழுங்கி, மெதுவாகத் தலையை ஆட்டினார். நண்பர் அவ்வளவு நேரம் மூச்சையே விடவில்லை என்று நினைக்கிறேன்.

இந்த ஊரில் ஏல் வெறும் குடி இல்லை. பிள்ளை பிறந்தால் ஒரு ஏல், அதற்கு பார்ன்ஸ்ஓல் என்று பெயர். சாவுச் சாப்பாட்டுக்கு க்ராவ்ஓல், கல்லறை ஏல் என்று பொருள். கல்யாணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் வைக்கோல் அறுப்புக்கும் தனித்தனியாகக் காய்ச்சுவார்கள். பெர்கனுக்கு வடக்கே கூடிய குலாதிங் என்கிற பழைய மன்றத்தின் சட்டம், விவசாயிகள் பண்டிகைக்குச் சேர்ந்து ஏல் காய்ச்சியே ஆக வேண்டும் என்று சொன்னது. கிறிஸ்துவுக்கும் மரியாளுக்கும் நன்றியாக, நல்ல விளைச்சலும் அமைதியும் வேண்டி. மூன்று வருடம் தொடர்ந்து காய்ச்சாதவன் சொத்தில் பாதி அரசனுக்கு, பாதி ஆயருக்கு. அந்தச் சட்டம் போய்விட்டது. இன்று 4.7 சதவீதத்துக்கு மேல் வலுவுள்ள பீரை அரசுக் கடையில்தான் வாங்க முடியும். வீட்டில் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. அதனால் இந்த ஏல் எந்தக் கடையிலும் இல்லை. யாராவது கூப்பிட்டால்தான் உண்டு.

வீட்டில் காய்ச்சுவதற்கு எங்கள் மொழியிலும் பழைய சொல் இருக்கிறது என்று அவர்களிடம் சொன்னேன். இல்லடு கள். இல்லத்தில் அட்ட கள். தோப்பி என்றும் சொல்வார்கள், நெல்லிலிருந்து எடுத்தது. பெரியவர் அந்தச் சொல்லை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். தோப்பி, தோப்பி என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு நண்பர் கலயத்தின் அடி வண்டலைக் கரண்டியால் வழித்தார். தயிர்ப்பதம், வெளிர் மஞ்சள். பாதியைத் தாளில் தடவிக் காயவைத்தார், மீதியை மூன்று குப்பிகளில் ஊற்றினார். ஒன்று தனக்கு, ஒன்று பக்கத்துப் பண்ணைக்கு, ஒன்று பெரியவருக்கு. கரண்டியில் ஒட்டியிருந்ததை என் மனைவி கேட்டு வாங்கிக்கொண்டாள். மதியமே அவள் அரிசி ஊறவைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆறாம் நாள்: கிளம்புகிற காலை

உடன்குடியில் ஆச்சி ஆப்ப மாவுக்கு அரை டம்ளர் கள் ஊற்றுவாள். 1987-இல் கள்ளுக்குத் தடை வந்த பிறகு எங்கள் வீட்டு ஆப்பம் கடை ஈஸ்டுக்கு மாறியது. அந்தப் பழைய ருசி போனது போனதுதான். நேற்று இரவு மனைவி அரிசியோடு கொஞ்சம் சோறும் டப்பா தேங்காய்ப்பாலும் சேர்த்து மிக்சியில் அரைத்து, க்வைக்கைக் கலந்து, அடுப்புவீட்டின் கதகதப்பில் வைத்துவிட்டு வந்திருந்தாள். காலையில் மாவு பாத்திரத்தின் மூடியைத் தூக்கியிருந்தது.

ஆப்பச்சட்டி கிடையாது. அக்காவின் சின்ன வாணலியைச் சுழற்றியே ஊற்றினாள். நடுவில் பஞ்சு, ஓரத்தில் சரிகை. ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன். லேசான புளிப்பு, பின்னால் கொஞ்சம் ஹாப்ஸ் கசப்பு, அதற்கும் பின்னால் ஆரஞ்சு. ஆச்சியின் ஆப்பம் இல்லை இது. ஆனால் உயிருள்ள எதையோ ஊற்றிச் செய்தது என்று நாக்குக்குத் தெரிகிறது. முப்பது வருடத்துக்கு மேலாக எனக்கு அது தெரியாமல் இருந்தது. அக்கா சர்க்கரை போட்ட தேங்காய்ப்பாலை ஊற்றி நாலு சாப்பிட்டார். செய்முறையை எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டியாகிவிட்டது.

ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. மேல்பண்ணைக்குப் புதுக் குப்பியைக் கொண்டுபோக வேண்டும், நீங்கள்தான் கொடுக்க வேண்டும் என்றார் நண்பர். நான் குப்பியோடும் மனைவி தாளில் சுற்றிய ஆப்பத்தோடும் ஏற, நண்பரும் கூட வந்தார். மழை விட்டு ஏரி பளிச்சென்று இருந்தது.

பெரியவர் குப்பியை வாங்கி, திறந்து, நீண்ட நேரம் மோந்தார். மூடியின்மேல் ஒரு காகிதநாடா ஒட்டித் தேதி எழுதி, எங்கிருந்து எடுத்தாரோ அதே இடத்தில் உறைபெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். பிறகு வாசற்படியில் நின்றபடியே ஆப்பத்தைப் பிரித்து ஒரு விள்ளல் எடுத்துச் சாப்பிட்டார். ஏதோ சொன்னார். இதிலும் அந்த வாசனை இருக்கிறதாம் என்று நண்பர் மொழிபெயர்த்தார்.

வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று நாங்கள் இறங்கத் தொடங்கினோம். வளைவில் திரும்பிப் பார்த்தபோது அவர் இன்னும் படியில்தான் நின்றார், இரண்டாவது ஆப்பத்தைப் பிரித்துக்கொண்டு.